மின்சாரக் காரும் வீட்டு மின்பாதையும்

(திண்டுக்கல் வட்டாரத்துப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் ஊர்களுக்கு மின்சாரம் வந்த வரலாற்றை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம் மாநிலத்தில் மின்சார வாரியம் 1957ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அமைந்தது. அதன் பின்னர் ஊர் ஊராகக் கம்பங்கள் நாட்டப்பட்டன. தெருவில் விளக்கு எரிந்தது. கமலை கட்டி இறைத்த கிணறுகளில் பம்பு செட்டு வந்தது. கமலை மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. அந்த மின்சாரமே இன்று நம் வண்டியையும் ஓட்ட முன்வந்திருக்கிறது.

இது எங்கோ அயல்நாட்டில் நடக்கும் புதுமை அன்று. மின்சார ஸ்கூட்டர்கள் நம் ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தயாராகின்றன. தூத்துக்குடியில் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மின்சாரக் கார்த் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. திண்டுக்கல் நகரிலும், பழனி சாலையிலும், வத்தலக்குண்டு சாலையிலும் பச்சை எண் பலகையுடன் ஓசையின்றிச் செல்லும் கார்களை நீங்களே காண்கிறீர்கள். நாளை அவை நம் தெருவிலும் வந்து நிற்கும்.

அவ்வாறு கார் வாங்க எண்ணும் அன்பர்கள் நம்மிடம் கேட்கும் முதற் கேள்வி, "எந்தச் சார்ஜர் வாங்கலாம்?" என்பதே. இக்கேள்விக்கு இன்று நாம் சற்று வேறு விதமாக விடை கூற விரும்புகிறோம்.

திண்டுக்கல் பூட்டின் பெருமை உங்களுக்குத் தெரியும். 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கதவின் நிலை செல்லரித்துக் கிடக்கையில் எவ்வளவு உயர்ந்த பூட்டு மாட்டினாலும் பயன் உண்டா? பூட்டு அப்படியே இருக்கும். நிலை பெயர்ந்து வரும். சார்ஜரின் கதையும் இதுவே. சார்ஜர் என்பது பூட்டு. வீட்டின் மின்பாதையும் எர்த்தும் கதவு நிலை. ஆகவே கையிலுள்ள பணத்தை முதலில் மின்பாதையிலும் எர்த்திலும் செலவிட வேண்டும். மீந்ததைச் சார்ஜரில் செலவிட வேண்டும். இன்று நாம் சொல்ல வந்தது இவ்வளவே. இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் தேவை எவ்வளவு?

வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் திண்டுக்கல் சென்று வர ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஆகும். தோட்டம், பள்ளி, மருத்துவமனை என்று இன்னும் ஒரு 20 கிலோமீட்டர் கூட்டிக்கொள்வோம். ஆக, நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர். சிறிய மின்சாரக் கார் ஒரு யூனிட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஓடும். மின்னேற்றும்போது வீணாகும் சிறு பகுதியையும் சேர்த்தால், அவருக்கு ஒரு நாளைக்கு 10 யூனிட்டு போதும்.

வீட்டில் மாவரைக்கும் கிரைண்டருக்கும் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டருக்கும் 15 ஆம்பியர் பிளக் வைத்திருக்கிறோம் அல்லவா? அந்த அளவுள்ள தனிப் பாதையில் 3.3 கிலோவாட் வேகத்தில் மின்னேற்றலாம். 10 யூனிட்டு ஏற மூன்று மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குப் படுக்கப் போகும்போது இணைத்தால் ஒரு மணிக்கு முடிந்துவிடும். பிறகு விடியும் வரை வண்டி சும்மாதான் நிற்கும். இவருக்கு 7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் எதற்கு? பெரும்பாலும், காருடன் தரப்படும் சிறிய சார்ஜரே இவருக்குப் போதுமானது.

இன்னொரு செய்தியும் உண்டு. வீட்டுச் சார்ஜர் வழியே வருவது மாறுமின்னோட்டம். அதை நேர்மின்னோட்டமாக மாற்றிப் பேட்டரிக்கு அனுப்பும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் மடையின் அளவுக்குத்தான் வயலில் தண்ணீர் பாயும். காருக்குள் இருக்கும் கருவி 3.3 கிலோவாட் மட்டுமே வாங்கக்கூடியதானால், வெளியே 7.2 கிலோவாட் சார்ஜரை மாட்டினாலும் ஒரு நிமிடமும் மிச்சமாகாது. ஆகவே கார் வாங்கும்போது, "இந்த வண்டி வீட்டு மின்சாரத்தில் எத்தனை கிலோவாட் வாங்கும்?" என்று கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

நாள்தோறும் 150, 200 கிலோமீட்டர் ஓடுபவர்களுக்கும், ஒரே வீட்டில் இரண்டு கார் வைத்திருப்பவர்களுக்கும் 7.2 கிலோவாட் பயன்படும். மற்றவர்களுக்கு அது பெருமைக்கான செலவு.

கட்டணக் கணக்கு

வீட்டில் மின்னேற்றுவதற்குத் தனி லைசென்சு எதுவும் வேண்டியதில்லை. வீட்டில் உள்ள மின் இணைப்பைக் கொண்டே வாகனத்துக்கு மின்னேற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2022ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தெளிவாகக் கூறியிருக்கிறது. ஆனால் கட்டணம் எவ்வாறு ஏறும் என்பதை முன்னரே கணக்கிட வேண்டும். நம் மாநிலத்தில் வீட்டுக் கட்டணம் படிக்கட்டுப் போன்றது. ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடும்.

2024ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணையைக் கொண்டு கணக்கிடுவோம். இரண்டு மாதத்தில் 300 யூனிட்டு செலவிடும் வீட்டுக்கு, முதல் 100 யூனிட்டு இலவசம் போக, 705 ரூபாய் ஆகும். மேற்சொன்ன விவசாயி மாதம் 25 நாள் வண்டி ஓட்டினால், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டு கூடும். மொத்தம் 800 யூனிட்டுக்கு 4,770 ரூபாய் ஆகும். ஆக, வண்டிக்கு மட்டும் 4,065 ரூபாய். அதாவது, காரில் ஏறும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்குச் சற்று மேல்.

இதே 3,000 கிலோமீட்டரைப் பெட்ரோல் காரில் ஓட்டினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் வீதம் 200 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 20,000 ரூபாய். இரண்டு மாதத்தில் 15,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் இந்த மிச்சம் ஓடுகிற வண்டிக்குத்தான். கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் மட்டும் காரை வெளியே எடுப்பவருக்கு, மின்சாரக் காரின் கூடுதல் விலை எளிதில் திரும்பி வராது. கட்டண விகிதங்கள் அவ்வப்போது மாறும். ஆதலால் இத்தொகைகளை விட, கணக்குப் போடும் முறையை நினைவில் வைத்து, உங்கள் வீட்டு மின் அட்டையை எடுத்து நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

கூரை மேல் சூரிய மின்தகடு வைக்க வசதியுள்ளவர்கள் அதையும் சேர்த்து யோசிக்கலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் வகுக்கப்பட்டது. வெயிலுக்குக் குறைவில்லாத நம் சமவெளியில், அவ்வளவு தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 யூனிட்டு தரும். காருக்குத் தேவையான 10 யூனிட்டு அதிலேயே அடங்கிவிடுகிறது.

பம்பு செட்டு மின்சாரம் ஆகாது

இங்கே ஓர் எச்சரிக்கை. "கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் இலவசமாகத்தானே வருகிறது; அங்கேயே காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். கேலியாகவும் கேட்கிறார்கள்; மெய்யாகவும் கேட்கிறார்கள். அவ்வாறு செய்யலாகாது. அந்த இணைப்பு பயிருக்குத் தண்ணீர் இறைப்பதற்கென்று கொடுக்கப்பட்டது. ஒரு காரியத்துக்கென வாங்கிய மின்சாரத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது, 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகம் ஆகும். அதற்குரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கணக்கிட்டு வசூலிப்பார்கள். எத்தனை நாளாக இது நடந்தது என்று தெரியாவிட்டால், முந்தைய பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கிடலாம் என்று சட்டம் சொல்கிறது.

அபராதம் ஒரு புறம் இருக்கட்டும். இலவச மின்சாரம் என்பது பல்லாண்டுகள் போராடிப் பெற்ற சலுகை. சிலர் அதில் கார் ஓட்டினால், அச்சலுகையின் மேல் எல்லோருடைய கண்ணும் விழும். ஒருவர் செய்யும் பிழைக்கு ஊரே பதில் சொல்ல நேரும். பஞ்சாயத்து அன்பர்கள் இதை மக்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

எர்த்து என்னும் உயிர்க்கம்பி

இனி, நம் பேச்சின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். திண்டுக்கல் சமவெளியின் மண் எத்தகையது என்பதை உழுகிறவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மேலே கொஞ்சம் செம்மண். சில அடி தோண்டினால் சுக்கான் அல்லது பாறை. ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் இருக்கும். பங்குனி சித்திரையில் மண் வறண்டு வெடிக்கும். மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குள் கொண்டு போய் இறக்குவதே எர்த்துக் கம்பியின் வேலை. ஈர மண் மின்சாரத்தை எளிதில் வாங்கிக்கொள்ளும். காய்ந்த மண்ணும் பாறையும் வாங்கிக்கொள்ளா. வீடு கட்டிய போது இரண்டடி ஆழத்தில் ஒரு குழாயை அடித்து, அதன் மேல் சிமெண்டுப் பூச்சும் பூசிவிட்ட வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். அவ்வீடுகளில் எர்த்து பெயருக்குத்தான் இருக்கிறது.

நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஊரும் பேரும் வேண்டா. புதுக் கார் வந்தது. பிளக்கில் மாட்டினார்கள். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது; மின்சாரம் ஏறவில்லை. எர்த்து சரியில்லாவிட்டால் வேலை செய்ய மறுக்கும்படி நல்ல சார்ஜர்களை அமைத்திருக்கிறார்கள். அது குறை அன்று. நம் உயிரைக் காக்கும் குணம். ஆனால் அழைத்து வந்த கைவேலைக்காரர் அவ்வாறு எண்ணவில்லை. பிளக்குப் பெட்டியைத் திறந்து, நியூட்ரல் முனைக்கும் எர்த்து முனைக்கும் இடையே ஒரு துண்டுக் கம்பியை இணைத்தார். உடனே பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து நிமிட வேலை. இருநூறு ரூபாய் கூலி. வீட்டார் மகிழ்ந்தார்கள்.

நான்கு மாதம் ஒன்றும் நேரவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் வீட்டு அம்மாள் வாசல் தெளிக்க வந்தார். ஈரத் தரை, வெறுங்கால். கார்க் கதவில் கை பட்டதும் சுரீர் என்று இழுத்துத் தள்ளிவிட்டது. தள்ளியது அவருடைய நல்ல காலம். பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. நடந்தது என்னவென்றால், மெயின் போர்டில் நியூட்ரல் கம்பி தளர்ந்து விட்டுப் போயிருந்தது. திரும்பிச் செல்ல வழியில்லாத மின்சாரம், அந்தத் துண்டுக் கம்பி வழியே எர்த்து முனைக்கு வந்து, கேபிள் மூலமாகக் காரின் உடம்பு முழுவதும் ஏறியிருந்தது. வீட்டில் மின்கசிவுத் தடுப்பானும் இல்லை. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கார், ஒரு முழ நீளக் கம்பியால் எமனாக மாறி வாசலில் நின்றது.

அன்பர்களே! நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்கில் இணைக்கும் இந்தத் தந்திரத்தை உங்கள் வீட்டில் யாரும் செய்ய விடாதீர்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் எர்த்தைச் சரி செய்யுங்கள், விளக்கை ஏமாற்றாதீர்கள்.

நல்ல எர்த்து அமைப்பது பெரிய வித்தை அன்று. ஈரம் தங்கும் இடமாகப் பார்க்க வேண்டும். குளியலறைத் தண்ணீர் போகும் தென்னை மரத்தடி, வாழைப் பாத்தி ஓரம் ஆகியவை ஏற்றவை. எட்டடி பத்தடி ஆழம் இறங்க வேண்டும். பாறை தடுத்தால் ஒரே குழியோடு விட்டுவிடாமல், தள்ளித் தள்ளி இரண்டு மூன்று கம்பிகளை இறக்கி ஒன்றாக இணைக்கலாம். இரண்டு கம்பிகளுக்கும் இடையே குறைந்தது ஒரு கம்பியின் நீளமளவு இடைவெளி வேண்டும். குழியைக் கரியும் உப்பும் கொண்டு நிரப்புவது பழைய முறை. ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண் கலவைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. குழியின் மேல் ஒரு தொட்டி கட்டி, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். துளசி மாடத்துக்கு ஊற்றுவது போல் இதையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் அளவுகோல் வைத்து எர்த்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். 5 ஓமுக்குக் குறைவாக இருந்தால் நிம்மதி. கோடையின் உச்சத்தில் மற்றொரு முறை அளக்க வேண்டும். கார்த்திகையில் கிடைத்த அளவு சித்திரையில் இராது.

தனிப் பாதை, தடித்த கம்பி

இஸ்திரிப் பெட்டியும் மிக்சியும் சில நிமிடங்களே ஓடுகின்றன. கார் அவ்வாறன்று, மூன்று மணி, ஆறு மணி, சில வேளை ஒன்பது மணி நேரம் ஓயாமல் முழு அளவில் மின்சாரத்தை இழுக்கும். மை போடாத வண்டி அச்சு வயலுக்குப் போய்வரத் தாங்கும். பழனி வரை போனால் தீய்ந்துவிடும். தளர்ந்த பிளக்கும் மெல்லிய கம்பியும் அத்தகைய அச்சே. கால் மணி நேரத்தில் தெரியாத சூடு, நான்காம் மணி நேரத்தில் பிளக்கை உருக்கிவிடும். நம் பழைய வீடுகள் சிலவற்றில் இன்னும் அலுமினியக் கம்பியே ஓடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே காருக்கென்று மெயின் போர்டிலிருந்து தனிப் பாதை இழுக்க வேண்டும். அதில் வேறு விளக்கோ விசிறியோ இணைக்கக் கூடாது. 3.3 கிலோவாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போடுங்கள். 7.2 கிலோவாட்டுக்கு 6 சதுர மில்லிமீட்டர். கார் நிற்கும் இடம் தொலைவானால் 10 சதுர மில்லிமீட்டர். நீட்டிப்புப் பெட்டி என்னும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டா. முதல் வாரத்தில், ஒரு மணி நேரம் ஏறிய பின் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பாதகமில்லை, சுட்டால் உடனே ஒயர்மேனை அழையுங்கள்.

அந்தப் பாதையில் இரண்டு காவலர்கள் இருக்க வேண்டும். ஒன்று எம்.சி.பி.; மின்சாரம் அளவு மீறினால் அது பாதையைத் துண்டிக்கும். மற்றது ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் தடுப்பான். மின்சாரம் மனித உடம்பு வழியே மண்ணில் இறங்கத் தொடங்கினால், கண் இமைக்கும் நேரத்தில் அது பாதையைத் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதை வாங்குங்கள். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை, அமாவாசை என்றோ பௌர்ணமி என்றோ ஒரு நாள் வைத்து, அதை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் நல்லது, விழாவிட்டால் மாற்றுங்கள். இடி மின்னல் மிகுந்த ஐப்பசி மாதத்தில் மழை கட்டும்போது பிளக்கைக் கழற்றி வைப்பது நல்ல பழக்கம். மின்னல் வேகத்தைத் தாங்கும் காப்புக் கருவி ஒன்றை மெயின் போர்டில் சேர்த்தால் இன்னும் நல்லது.

இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கூரைக் கொட்டகைக்குள்ளும், வைக்கோற்போர் ஓரத்திலும், டீசல் கேனும் உரமூட்டையும் அடுக்கிய அறையிலும் எந்த வண்டிக்கும் மின்னேற்றக் கூடாது. ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கேட்க வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வேலூரில், இரவு வீட்டில் மின்னேற்றத்துக்கு இணைத்திருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டில் நாட்டின் வேறு சில இடங்களிலும் நேர்ந்த தீ விபத்துகளுக்குப் பின், பேட்டரிகளின் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. ஆனால் விதி வண்டிக்கு உண்டு. வீட்டுக்கு நாமே விதி. படுக்கும் அறையிலும், வீட்டை விட்டு வெளியேறும் ஒரே வழியிலும் வண்டியையோ கழற்றிய பேட்டரியையோ இரவில் மின்னேற்ற வைக்காதீர்கள். வெயிலில் ஓடி வந்த வண்டியைச் சற்று ஆறவிட்டுப் பிறகு இணைத்தால் பேட்டரிக்கும் நல்லது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

வீட்டின் மின்பாதை நேரானால், சார்ஜர் வாங்குவது எளிது. கடைக்காரரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். காருடனேயே சார்ஜர் வருகிறதா, தனி விலையா? மாட்டித் தரும் கூலி அதில் சேர்ந்ததா? எத்தனை அடிக் கம்பி வரை இலவசம்? இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டது என்பதற்குச் சான்று உண்டா? மழைச்சாரலையும் புழுதியையும் தாங்குமா? பழுதானால் திண்டுக்கல்லிலேயே பார்ப்பார்களா, மதுரைக்கு அனுப்ப வேண்டுமா? அனுப்பினால் எத்தனை நாள்? எல்லாவற்றிற்கும் ரசீதும் உத்தரவாதச் சீட்டும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். செல்பேசி வழியே இயங்கும் வசதிகளுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். உங்கள் தோட்டத்து வீட்டில் செல்பேசிக்குச் சிக்னலே இல்லையென்றால், அந்த வசதி எதற்கு?

மாட்டும் வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனிடம் மட்டுமே கொடுங்கள். அவர் செய்த வேலைக்குக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். அதற்கு முன்னர், வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று மின் அட்டையில் பார்த்து, அது போதாவிட்டால் மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பித்து உயர்த்திக்கொள்ளுங்கள். வசதியான வீடுகளுக்கு மும்முனை இணைப்பும் தேவைப்படலாம். "யாருக்குத் தெரியப் போகிறது?" என்று விட்டுவிடுபவர் உண்டு. டிரான்ஸ்பார்மருக்குத் தெரியும்.

பஞ்சாயத்தின் கடமை

அந்த டிரான்ஸ்பார்மரைப் பற்றித்தான் பஞ்சாயத்து அன்பர்களுக்குக் கடைசியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் 63 கே.வி.ஏ., 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர்கள் பல உள்ளன. ஓர் ஊரில் பத்துப் பேர் 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டி, மாலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒன்றாக இணைத்தால் 72 கிலோவாட் ஆகிவிடும். சிறிய டிரான்ஸ்பார்மரின் முழுச் சக்தியும் பத்துக் கார்களுக்கே போதாது. பிறகு வீடுகளில் விளக்கு மங்கும். அதே டிரான்ஸ்பார்மரில் உள்ள பம்பு செட்டுகளில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார்க் காயில் கருகும். கார் இல்லாத ஏழை விவசாயி, கார் உள்ளவருக்காக மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டிவரும். இது நியாயமாகுமா?

இதைத் தடுக்க மூன்று காரியம் செய்யலாம். முதலாவது, ஒவ்வொருவரும் சிறிய வேகத்தில், இரவு பத்து மணிக்கு மேல், முறை வைத்து மின்னேற்ற வேண்டும். ஏரித் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்த ஊருக்கு மின்சாரத்துக்கு முறை வைக்கத் தெரியாதா? பெரும்பாலான கார்களிலேயே தொடங்கும் நேரத்தைக் குறித்து வைக்கும் வசதி இருக்கிறது. இரண்டாவது, ஊரில் எத்தனை மின்சார வண்டிகள் உள்ளன, எந்த டிரான்ஸ்பார்மரில் உள்ளன என்று ஒரு பதிவேடு வைத்து, கூடுதல் டிரான்ஸ்பார்மர் தேவையானால் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி மின்வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அந்த ஆறில் ஒரு முறை இதைப் பேசினால் போதும். மூன்றாவது, ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஊரில் இருக்கும் இளைஞர்களை ஒயர்மேன் உரிமம் பெறத் தூண்டி, எர்த்து அளக்கும் கருவி ஒன்றைப் பொதுவில் வாங்கி வைக்கலாம். அவ்வாறு செய்தால், கார் உள்ள வீடு மட்டுமன்று, கிரைண்டரும் குளிர்ப்பெட்டியும் உள்ள ஒவ்வொரு வீடும் பயன் பெறும். எர்த்து எல்லோருக்கும் வேண்டியதன்றோ?

நிறைவாக ஒரு சொல். கார் வாங்குவதும் வாங்காததும் அவரவர் வசதி. ஆனால் இன்று நீங்கள் வீடு திரும்பியதும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு காசு செலவில்லை. வீட்டின் எர்த்துக் குழி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கண்டுபிடித்தால் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லையென்றால், காரும் சார்ஜரும் காத்திருக்கட்டும். நாளைக் காலையில் முதல் வேலையாக ஒயர்மேனை வரவழையுங்கள்.

கதவின் நிலை உறுதியாகட்டும். பூட்டைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.